நல்ல கால் முதலில்

காலைப் பிடித்துப் பிழைக்கிறவள் என்று ஒருத்தியைச் சொன்னால் அது வசவு. இவள் விஷயத்தில் அது உத்தியோகம். பதினெட்டு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம், காலை எட்டரை மணிக்கு ஒரு இருட்டு அறைக்குள் போய் உட்கார்ந்து, ஊரார் காலைப் பிடித்து, ஜெல்லைத் தடவி, ஸ்கேன் எடுத்துவிட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து வருகிறாள். அதிலும் முக்கால்வாசி கணுக்கால். அதனால் ஸ்கேன் சென்டரில் அவளுக்குக் 'கணுக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. கணுக்கால் அக்கா என்பதைத் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் அவ்வளவுதான் மிஞ்சியது. அவள் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கண்ணும் காலும் கல்யாணம் பண்ணிக்கொண்டால் கணுக்கால் வராமல் வேறென்ன வரும் என்று வரவேற்பில் உட்கார்கிற பெண் ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு மட்டும் கணுக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

மற்றபடி சிரிப்பு வருகிற உத்தியோகமா அது? ஒளிப்பானேன், அவளுக்குக் கால் என்றாலே அருவருப்பு. வெடித்த குதிகால், உள்பக்கமாக வளர்ந்த நகம், சாக்ஸ் நூல் ஒட்டிக்கொண்ட விரலிடுக்கு. ஸ்கேனுக்குப் போகிறோமே என்று சில பேர் பவுடரைக் கொட்டிக்கொண்டு வருவார்கள். அது ஜெல்லோடு சேர்ந்து சேறாகிவிடும். இன்னும் சில பேர் முகத்துக்குச் சோப்புப் போட்டுத் தலைவாரி, சட்டையை இஸ்திரி போட்டு வருவார்கள். ஐயா, உங்கள் முகத்தையா நான் பார்க்கப் போகிறேன்? படுக்க வைத்தால் மூக்குக்கு நேரே வந்து நிற்கிறது பாதம். அதைக் கழுவ மட்டும் ஒருத்தருக்கும் தோன்றாது.

இத்தனைக்கும் அவள் படித்தது குழந்தைகளைப் பார்க்க. வயிற்றுக்குள் கையை ஆட்டுகிற குழந்தையைக் காட்டி, அம்மாக்காரி அழுவதைப் பார்த்துத் தானும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டுத்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தாள். வேலைக்கு வந்த அன்றைக்கு மாடி அறை காலியில்லை என்று கீழே உட்கார வைத்தார்கள். மாடியில் சுவரெல்லாம் குழந்தைப் படம். அங்கே இருக்கிறவளுக்கு மாசத்துக்கு நாலு பேராவது இனிப்புக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். என் ஜவ்வு நன்றாக இருக்கிறது, இந்தாருங்கள் இனிப்பு என்று கணுக்காவிடம் இன்றுவரை ஒருத்தரும் வந்ததில்லை. குழந்தை முகம் பார்க்க வந்தவளுக்குக் குதிகால்தான் வாய்த்தது.

வீட்டுக்குப் போனால் முழங்கைவரை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவுவாள். காலேஜில் படிக்கிற மகள் அப்படியும் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு, இன்றைக்கு எத்தனை பேர் காலைப் பிடித்த கை இது என்று கேட்பாள். வீட்டுக்காரர் அதற்கு மேல். முதலில் கையைக் கழுவு, அப்புறம் நிதானமாக என்னைக் கழுவி ஊற்று என்பார். நல்ல மனுஷர்தான். ஒவ்வொரு நாளும் அதே நகைச்சுவையைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பதுதான் சகிக்காது.

ஆனால் அருவருப்பு வேறு, வேலை வேறு. வேலையில் தன்னை ஒருத்தரும் விரல் நீட்டிக் குறை சொல்ல முடியாது என்று அவள் நினைத்திருந்தாள்.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. நல்ல கால் முதலில். வலது கணுக்கால் வீங்கி வந்தால் முதலில் இடதைப் பார்ப்பாள். படுத்திருக்கிறவர் பதறுவார், வலி இதில் இல்லை, அதில் என்பார். தெரியும், உங்கள் நல்ல கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தால்தானே கெட்ட காலுக்கு என்ன கேடு என்று சொல்ல முடியும் என்பாள். பதினெட்டு வருஷமாக அதே பதில். அதில் நியாயமும் இருந்தது. ஒருத்தருக்கு ஜவ்வு தடியாக இருக்கும், இன்னொருத்தருக்கு மெல்லிசாக இருக்கும். புத்தகத்துப் படத்தோடு ஒப்பிட்டால் பாதி ஊர் நொண்டி என்று ஆகிவிடும். அவரவர் நல்ல கால்தான் அவரவருக்கு அளவுகோல். சென்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதை அவள் சொல்வாள், கொஞ்சம் பெருமையாகவே சொல்வாள்.

திரையில் எலும்பு வெள்ளைக் கோடு. அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது, இருட்டு. வெளிக்கணு எலும்பின் நுனியிலிருந்து பாதத்து எலும்புக்கு ஒரு ஜவ்வு போகும். கால் பிசகினால் முதலில் அடிபடுகிறது அதுதான். நல்ல ஜவ்வு நார் நாராக, இழுத்துக் கட்டினாற்போல வெளிச்சமாகத் தெரியும். கிழிந்திருந்தால் நடுவில் கறுப்பு. இதிலும் ஒரு சூது இருக்கிறது. கையில் பிடிக்கிற புரோபைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், நல்ல ஜவ்வும் கறுப்பாகி நம்மை ஏமாற்றும். அதைவிடப் பெரிய சூது, பழைய கிழிசல். அது தானாகவே தடித்து ஒட்டிக்கொண்டு, பார்க்கிறதுக்கு முழுசாகத் தெரியும்; சில சமயம் புதுக் கிழிசலும் வீக்கத்தில் ஊறித் தடித்து அப்படியே ஏமாற்றும். சும்மா கிடக்கிற காலில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கையில் புரோப், இன்னொரு கையில் குதிகால். குதிகாலை உள்ளங்கையில் முழுசாக வாங்கி, பாதத்தை மெல்ல முன்னால் இழுக்க வேண்டும். ஜவ்வு சரியாக இருந்தால் எலும்பு இரண்டும் இருந்த இடத்தில் இருக்கும். இல்லாவிட்டால் கீல் கழன்ற கதவு மாதிரி கண்ணெதிரே இடைவெளி திறக்கும். இழுத்தால்தான் வண்டவாளம் வெளியே வரும்.

குதிகாலை உள்ளங்கையில் வாங்குவது என்பதுதான் அவளுக்கு நரகம். இரண்டு கையுறை போட்டுக்கொண்டுதான் செய்வாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வாள். ஆனாலும் செய்துவிடுவாள்.

சென்டரை நடத்துகிற மேனேஜர் ஒருத்தர் இருக்கிறார். அவர் வருகிறார் என்று அவருக்கு முன்னால் அவருடைய சென்ட் வந்து சொல்லும். பேச்சும் அப்படித்தான், மணக்க மணக்கப் பேசுவார், உள்ளே ஒன்றும் இருக்காது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய பார்சல் குடோனோடு இவர் ஒப்பந்தம் போட்டார். அங்கே கால் பிசகினவர்கள் எல்லாரும் இங்கேதான் வருவார்கள். பாதிப்பு இருக்கிறது என்று ரிப்போர்ட் போனால் ஆறு வாரம் உட்கார்ந்து செய்கிற வேலை, வைத்தியம் கம்பெனி பொறுப்பு. பாதிப்பு இல்லை என்று போனால் மறுநாளே பழையபடி ஏணி ஏற வேண்டியதுதான். ஒப்பந்தம் வந்த கையோடு சென்ட் மேனேஜர் கணுக்காவின் அறைக்கு வந்து, ஒரு ஆளுக்கு ஏழு நிமிஷம் போதுமே அக்கா, அந்த இழுத்துப் பார்க்கிறதெல்லாம் எதற்கு, ஜனங்கள் கத்துகிறது வரவேற்புவரை கேட்கிறது என்றார். அவள் முகத்தில் அடித்தாற்போல முடியாது என்று சொன்னாள். சொன்னாள், ஆனால் ஏழு நிமிஷத்துக்கு ஒருத்தர் என்று கதவுக்கு வெளியே ஆள் நின்றபோது, சந்தேகம் இருந்தால் மட்டும் இழுப்பது என்று ஆயிற்று. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நல்லதற்கு மட்டும் சொன்ன பழமொழியா என்ன?

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற டாக்டர் சாயங்காலம் நாலு மணிக்கு வருவார். எல்லாரும் அவரைக் 'கையெழுத்து' என்றுதான் சொல்வார்கள். கணுக்கா எழுதி வைத்த குறிப்பில் கடைசி வரியைப் பார்ப்பார், அதைத் தன் பாஷையில் மாற்றுவார், டீ ஆறுவதற்குள் நாற்பது கையெழுத்து. ஒரு காலத்தில் கெட்டிக்காரராம். அந்தக் காலத்தைக் கணுக்கா பார்த்ததில்லை.

இனி அந்த நாளுக்கு வருவோம். மழை விடாமல் பெய்த வாரம். அறையில் ஏசி மக்கர் பண்ணி, ஜன்னல் இல்லாத இடத்தில் காலையிலிருந்து பத்தொன்பது ஜோடிக் கால். இருபதாவதாகக் குடோனிலிருந்து ஒரு பெண் நொண்டிக்கொண்டு வந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும், நல்ல உயரம். உயரமாக இருக்கிறாள் என்று மேல் தட்டுப் பார்சலெல்லாம் அவள் தலையில்தான் கட்டுவார்களாம். உயரமானவளுக்கு ஏணி எதற்கு, குட்டையானவளுக்கல்லவா ஏணி என்று கேட்கிற புத்தி அங்கே யாருக்கும் இல்லை. ஏணிக்காரி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நாலு நாளைக்கு முன்னால் நனைந்த ஏணியில் வழுக்கி, வலது கால் மடங்கி விழுந்திருக்கிறாள். வேலை நேரத்தின் நடுவிலேயே அனுப்பியிருந்தார்கள்.

அவள் ஷூவைக் கழற்றினாள். கணுக்கா எத்தனையோ நாற்றத்தைப் பார்த்தவள், ஆனால் இது வேறு. இரண்டு நாளாக ஷூவுக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. சாக்ஸ் தோலோடு வந்தது. பாதம் ஊறி வெளுத்து, விரலிடுக்கெல்லாம் பிய்ந்து, குதிகால் ஓரத்தில் தோல் ஈரமாகத் தொங்கியது.  கணுக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். படுத்திருந்தவள் அதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. நடுவுல ஷூவைக் கழட்ட விடமாட்டாங்க."

 எந்தக் கால் வலிக்கிறது என்று மட்டும் கணுக்கா கேட்டாள். வலது. சரி, நல்ல கால் முதலில். இடது ஜவ்வு தடித்துத் தெரிந்தது, நார் பிரிந்து தெரியவில்லை, ஆனால் முழுசாக இருந்தது. வலதுக்குப் போனாள். மேலே வீக்கம். ஜவ்வு அதே தடிப்பு, அதே மாதிரி முழுசு. இவள் உடம்பு வாகே இப்படிப் போலிருக்கிறது என்று நினைத்தாள். இழுத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இடது கை அந்தக் குதிகால்வரை போயிற்று. தொங்குகிற தோலைப் பார்த்தது, திரும்பி வந்துவிட்டது. ஜெல்லைத் துடைத்துக்கொள்ளக் காகிதத்தைக் கையில் கொடுத்து, எழுந்திருங்கள் என்றாள். குறிப்பில் எழுதினாள்: இரண்டு கால்களுக்கும் வித்தியாசம் இல்லை.

சாயங்காலம் கையெழுத்து வந்து அதைப் படித்து, பாதிப்பு இல்லை என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார். வித்தியாசம் இல்லை என்றால் பாதிப்பு இல்லை என்றுதானே அர்த்தம்? அவருக்கும் அப்படித்தான் தோன்றியது, எழுதியவளுக்கும் அப்படித்தான்.

மூன்று வாரம் ஆயிற்று. ஒருநாள் காலையில், சென்ட் வாசனை முதலில் வந்து, மேனேஜர் பின்னால் வந்தார். குடோனிலிருந்து ஒருத்தி மறுபடி வருகிறாள், ஏணிக்காரியாம், மறுபடி விழுந்துவிட்டாளாம் என்றார். அவளாகவே வேண்டுமென்று விழுந்திருக்கிறாள் என்று குடோனில் முடிவே பண்ணிவிட்டார்கள். நம் ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று தெளிவாக இருக்கும்போது இவள் தினமும் நொண்டி நொண்டி ஓய்வு கேட்டிருக்கிறாள். இரண்டு காலுக்கும் வித்தியாசம் இல்லையாம், அப்புறம் எந்தக் கால்தான் நொண்டுகிறது என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரித்திருக்கிறார். நடித்து ஏமாற்றியதற்காக உன்னை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று கடிதமும் கொடுத்தாயிற்று. இன்றைக்கு எடுக்கிற ஸ்கேனும் பழைய மாதிரியே வந்துவிட்டால் அவளை வெளியே அனுப்பிவிடலாம் என்று காத்திருக்கிறார்கள்.

"பழைய ரிப்போர்ட் மாதிரியே வந்துட்டா எல்லாருக்கும் நல்லதுக்கா. நம்ம வார்த்தைக்கும் ஒரு மரியாதை இருக்கணும்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தார்.  அவர் போனதும் கணுக்கா கதவைத் திறந்து வைத்து, துண்டால் விசிறி அந்தச் சென்ட் வாசனையை வெளியே தள்ளினாள்.

ஏணிக்காரி வந்தாள். இந்தத் தடவை காலைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள், சுத்தமான துணியில் துடைத்து, விரலிடுக்கில் மருந்து போட்டு. அதைப் பார்த்ததும் கணுக்காவுக்கு எங்கேயோ சுருக்கென்றது. வேலை போகப் போகிறது என்ற நிலையில் ஒருத்தி, ஸ்கேன் எடுக்கிறவள் முகம் சுளிக்கக் கூடாதே என்று கால் கழுவிக்கொண்டு வந்திருக்கிறாள். வீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும், இவள் ஒரு சம்பளம், இந்த வேலை போனால் நடித்தவள் என்ற பெயரோடு வேறு எங்கே போய்ச் சேருவேன் என்று வரவேற்பில் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

படுக்க வைத்து, பழக்கத்தில் கணுக்கா இடது காலில் ஜெல்லை வைத்தாள். பழக்கத்தில் சொல்லவும் சொன்னாள், நல்ல கால் முதலில் என்று.

ஏணிக்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அன்னைக்கும் இதைத்தான் நல்ல கால்னு சொன்னீங்க. இது நல்ல கால்னு நான் சொல்லவே இல்லையேக்கா."

கணுக்காவின் கை நின்றுவிட்டது.

"எந்தக் கால் வலிக்குதுன்னு கேட்டீங்க, வலதுன்னேன். எது நல்ல கால்னு நீங்க கேக்கலையே. இதுவும் அதே ஏணியில போனதுதான். ஆறு வருஷம் ஆச்சு. அப்போ ஸ்கேனெல்லாம் ஏது, துணியைச் சுத்திக்கிட்டு வேலைக்குப் போனேன். வலி பழகிடுச்சு, அவ்வளவுதான்."

பதினெட்டு வருஷம். எத்தனை ஆயிரம் கால். ஒரு காலில் வலி என்று வருகிறவருக்கு இன்னொரு கால் நல்ல கால் என்று இவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, கோணல் அளவுகோலை வைத்துக்கொண்டு கோடு நேராக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். இரண்டு கால்களுக்கும் வித்தியாசம் இல்லை. உண்மைதானே. இரண்டுமே போனது.

கணுக்கா கையுறையைக் கழற்றினாள். ஜெல்லில் அது வழுக்குகிறது, பிடி சரியாக விழாது என்பதற்காகத்தான் கழற்றினாள். அருவருப்பு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். கழுவின கால்தான், மருந்து வாசனைதான், ஆனாலும் அந்த வெடித்த குதிகால் உள்ளங்கையில் சொரசொரவென்று பட்டதும் குமட்டத்தான் செய்தது. குமட்டினால் குமட்டட்டும் என்று பிடித்தாள். இடதை மெல்ல இழுத்தாள். திரையில் இரண்டு வெள்ளைக் கோடும் விலகின. விட்டாள், சேர்ந்தன. வலதை இழுத்தாள். ஏணிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தைப் பிடித்தாள். இடைவெளி கறுப்பாகத் திறந்தது, இடதைப் போல இரண்டு பங்கு. அதைப் பார்க்கப் படிப்புகூட வேண்டாம், கண் இருந்தால் போதும். இரண்டையும் ஓடுகிற படமாகவே பதிவு செய்தாள்.

தன் மேல் அவளுக்கு வந்த அருவருப்பு எந்தக் கால் மேலும் வந்ததில்லை. அன்றைக்கு முப்பது விநாடி, ஒரு இழுப்பு, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்த முப்பது விநாடி மூக்கைப் பிடித்துக்கொள்ள முடியாதவளா நீ? உனக்கென்ன முறை, உனக்கென்ன பெருமை, சீ.

வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கு இழுத்துப் பார்த்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னாள். அழுவாள் என்றோ கத்துவாள் என்றோ எதிர்பார்த்தாள். ஏணிக்காரி இரண்டும் செய்யவில்லை. காகிதத்தை வாங்கிக் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நீங்க மூஞ்சியைத் திருப்பினப்பவே எனக்குத் தெரியும்க்கா."

நாலு மணிக்குக் கையெழுத்து வந்தார். ஏணிக்காரியைப் போகவிடாமல் கணுக்கா அறையிலேயே உட்கார வைத்திருந்தாள். ரிப்போர்ட்டைத் தானே எழுதி மேஜையில் வைத்திருந்தாள்: இரண்டு கணுக்காலிலும் வெளி ஜவ்வு கிழிந்து தளர்ந்திருக்கிறது, இடது பழையது, வலது மூன்று வாரத்துக்கு முந்தைய விழுகையிலேயே போனது, முதல் பரிசோதனையில் இழுத்துப் பார்க்கவில்லை, அந்த ரிப்போர்ட் தவறு. கையெழுத்து கடைசி வரியைப் படித்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மேலே போய் முதல் வரியிலிருந்து படித்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

இப்படியெல்லாம் எழுதினால் இரண்டு பேர் பெயரும் கெடும் என்றார். கோபப்படவில்லை, பரிவோடுதான் சொன்னார், அதுதான் இன்னும் சகிக்கவில்லை. இரண்டாவது தடவை விழுந்தாளே, அதில் புதிதாக ஆனது என்று எழுதிவிடலாமே. அவளுக்கு வைத்தியமும் கிடைக்கும், நமக்கும் தலைவலி இல்லை. யாருக்கு நஷ்டம்?

"புதுசுன்னு எழுதினா அன்னைக்கு அவ சொன்னது பொய்னு ஆயிடும் டாக்டர். அந்தப் பொய்க்காகத்தான் வேலையை விட்டு அனுப்பப் போறாங்க. அன்னைக்குப் பொய் சொன்னது அவ இல்ல, நாம."

மேனேஜர் வாசனையோடு கதவருகே வந்து நின்றார். கையெழுத்து பேனாவை மூடி வைத்தார். வலது முதல் விழுகையிலேயே போனதுதான் என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். கணுக்கா முதல் நாள் படத்தைத் திரையில் போட்டாள், இன்றைக்கு இருக்கிற அதே தடிப்பு, அதே பிரியாத நார். அவர் அதைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்ப வந்து நீங்களே ஒரு தடவை காலைப் பிடிச்சுப் பாருங்க."

இதைக் கேட்டு மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டருக்கு வரவில்லை. எந்த மானத்தில் எழுந்தாரோ, எழுந்து வந்தார். கையுறை போட்டார், அதன் மேல் இன்னொன்று போட்டார், கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார். குதிகாலை இரண்டு விரலால் தொட்டார். அப்படியில்லை டாக்டர், உள்ளங்கையில் வாங்குங்கள் என்றாள் கணுக்கா. வாங்கினார். அவள் புரோபைப் பிடித்துக்கொண்டாள், அவர் இழுத்தார். திரையில் கறுப்பு திறந்தது. ஏணிக்காரி முனகினாள். அவர் மறுபடி ஒருமுறை இழுத்தார், நம்பாமல். அப்புறம் இடது காலைக் காட்டி, இதுவுமா என்றார். அதுவும்தான்.

ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். பேனாவை மேஜையில் எறிந்துவிட்டுக் கை கழுவப் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. குழாய் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஏணிக்காரியின் கடிதத்தைக் குடோன்காரர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். உட்கார்ந்து செய்கிற வேலையும் வைத்தியமும் கொடுத்தார்கள், மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளும் சென்டருக்கு இனிப்போடு வந்துவிடவில்லை. ஏன் வர வேண்டும்? கணுக்காவுக்கு மேனேஜர் ஒரு மெமோ கொடுத்தார், மேலிடத்தைக் கேட்காமல் சென்டரின் நற்பெயரைக் குலைத்ததாக. நல்ல கெட்டிக் காகிதம். ஜெல் பாட்டிலுக்கு அடியில் போட்டு வைத்தாள், மேஜை பிசுபிசுக்காமல் இருந்தது.

ஆனால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எதைத் தொட்டாலும் அந்த நாலு வார்த்தையே முன்னால் வந்து நின்றது. மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், கம்ப்யூட்டரில் தன் பழைய குறிப்புகளைத் திறந்து, தேடுகிற கட்டத்தில் 'வித்தியாசம் இல்லை' என்று அடித்தாள். குடோனிலிருந்து வந்தவர்கள் மட்டும், நாலு வருஷத்தில். மேலே எண் வந்தது. நாற்பத்தொன்று.

தட்டச்சில் ஏதாவது பிசகிவிட்டதோ என்று மறுபடி அடித்தாள். நாற்பத்தொன்றுதான். அதில் எத்தனை பேருக்கு நிஜமாகவே ஒன்றுமில்லையோ, எத்தனை பேரை மறுநாளே ஏணியில் ஏற்றினார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். ஒவ்வொன்றிலும் அவள் எழுத்து, கீழே டாக்டரின் கையெழுத்து. இழுத்துப் பார்த்ததாகப் பதிவு ஒன்பதில்தான் இருந்தது. மிச்சம் முப்பத்திரண்டு. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். இதைப் பார்த்துவிட்டு எவள் சாப்பிடுவாள்?

வரவேற்புப் பெண்ணிடம் போன் நம்பர் பட்டியலை வாங்கினாள். எதற்கு என்று அவள் கேட்டாள், கால் பிடிக்கத்தான் என்றாள் கணுக்கா. முதல் பெயருக்கு நேரே இருந்த நம்பரைப் போட்டாள். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் வந்த ஆள், சுமை ஏற்றுகிறவர். ரொம்ப நேரம் மணி அடித்தது. எடுத்தபோது பின்னால் டிராலி உருளுகிற சத்தம், யாரோ யாரையோ விரட்டுகிற குரல்.

ஸ்கேன் சென்டரிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னாள். அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. எனக்குத்தான் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டீர்களே, இப்போது என்ன என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை.

"அதுக்குத்தான் கூப்பிடறேன்யா. ஒரு தடவை வாங்க. உங்க நல்ல காலைப் பாக்கணும்."



"எதும்மா அது, நல்ல கால்?" என்றார் அவர்.